சோதனைச் சாவடி இயல்

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், நிரலைத் திருத்தினாலும் உடையாத சோதனை யாது என ஆராய்தல் நுதலிற்று. களம், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் எல்லை. மென்பொருளுக்கும் இவ்வூருக்கும் என்ன உறவு என்பார்க்கு: சாவடியின் பெயரிலேயே சோதனை இருக்கிறது.

முதலில் வழி சொல்லும் முறை. "செக்போஸ்ட் தாண்டி இடப்பக்கம் மூணாவது கடை" என்று டீக்கடைக்கு வழி சொல்கிறோம். இடையில் ஒருவர் மொபைல் கடை போட்டதும், சொன்னபடி எண்ணிப் போகிறவர் பஞ்சர் ஒட்டும் இடத்தில் நிற்கிறார். டீக்கடை அங்கேயேதான் இருக்கிறது, டீயும் அதே டீ, உடைந்தது வழி. 2004-இல் பிறந்த, வலைப்பக்கங்களைச் சோதிக்கும் செலினியம் கருவியிடம் "மூன்றாம் பெட்டிக்குள் இரண்டாம் பொத்தானை அமுக்கு" என்று எழுதி வைப்பவர்களும் இப்படித்தான் எண்ணிப் போகிறார்கள். யாரோ பக்கத்தின் தலையில் ஒரு தீபாவளி வாழ்த்தைச் செருக, ஒரு திங்கட்கிழமை காலை என் சோதனைகள் அத்தனையும் சிவந்தன. பொத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறள் படித்தவர்க்கு இது புதிதன்று. அதிகாரத்துக்குள் மணக்குடவர் வரிசை வேறு, பரிமேலழகர் வரிசை வேறு. எண்ணை நம்பியவர் வேறு குறளில் போய் விழுவார். முதற்சொல்லைப் பிடித்தவர்க்கு அந்தக் கவலை இல்லை.

அங்ஙனமாயின் பெயரைப் பிடித்தால் போதுமோ எனின், போதாது. வெறுமனே கோபாலபுரம் என்று கேட்டுப் போகிறவர் சென்னையில் கலைஞர் வீட்டு வாசலில் நிற்கக்கூடும். பெயர் தனித்ததாகவும் இருத்தல் வேண்டும் என்க.

இடம் கண்டுபிடிப்பது இவ்வளவே. எதைச் சோதிப்பது என்பதற்குப் பக்கத்து எல்லையான மீனாட்சிபுரத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து டேங்கரில் வரும் பாலைக் கேரளப் பால்வளத் துறை அங்கே நிறுத்திப் பார்க்கிறது. கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். என்னும் கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு, யூரியா கலந்திருக்கிறதா? மாட்டின் பெயரை யாரும் கேட்பதில்லை. பண்ணைக்காரர் கைக்கறவையை விட்டு மெஷின் வாங்கினாலும், தொழுவத்தையே இடித்துக் கட்டினாலும் சோதனையில் ஓர் எழுத்தும் மாறாது. தண்ணீர் ஊற்றினால் மட்டும் மாட்டிக்கொள்வார். ஒரு செயற்கூறு இன்னொன்றைச் சரியாக இரண்டு தடவை அழைத்ததா என்று எண்ணிச் சோதிக்கும் நண்பர்கள் எனக்குண்டு. கறக்கும்போது மாடு எத்தனை தடவை வாலை ஆட்டியது என்று குறித்து வைப்பவர்கள் அவர்கள். பாலை ருசி பார்த்ததில்லை.

தேவையே மாறினால்? 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது, எல்லையில் விற்பனை வரிக்காக லாரியை நிறுத்தும் வேலை போயிற்று. அப்படிப்பட்ட சோதனையைத் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும். சொல்வது எளிது. எங்கள் அலுவலகத்தில் எதைச் சோதிக்கிறது என்றே யாருக்கும் தெரியாத சோதனை ஒன்று தினமும் பச்சையாகத் தேறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதைத் தொட எவருக்கும் துணிவில்லை, இவ்வாய்வாளர் உட்பட.