ஆக்சிலரேட்டரை மிதித்தால் எழும் ஓசைகள்: ஓர் ஐந்திணை ஆய்வு

ஆய்வின் தேவை

எழுத்துக்கும் சொல்லுக்கும் வாழ்க்கைப் பொருளுக்கும் இலக்கணம் வகுத்த தமிழ், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காரிலிருந்து கிளம்பும் இரைச்சலுக்கு மட்டும் இலக்கணம் வகுக்காமல் விட்டது. தொல்காப்பியரைக் குறை சொல்வதற்கில்லை. பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டதே 1886இல்தான். பிற்காலப் புலவர்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. விளைவு, கார்க்காரர் ஒர்க்‌ஷாப்பில் நின்று, “அண்ணே, கர்ர்ர்னு ஒரு சவுண்டு” என்று வாயால் நடித்துக் காட்டுகிறார். அண்ணன் பானெட்டைத் திறக்கிறார். பில் பிறக்கிறது.

முதற்பொருள்

அகத்திணைக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள். ஓசைக்கும் அவையே. ‘கர்ர்’ரா ‘கொர்ர்’ரா என்பது பிறகு, எப்போது, எங்கே என்பதே முதலில்.

நிற்கும் வண்டியை நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுங்கள். சத்தம் வந்தால் குற்றவாளி இன்ஜின் பக்கம், அது அகம். வராவிட்டால் காலி ரோட்டில் வேகம் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டுக் கிளட்சை மிதியுங்கள். ஆர்பிஎம் இறங்கியும் முனகல் இறங்கவில்லையென்றால் டயர் அல்லது வீல் பேரிங், அது புறம். இடப்பக்கம் திரும்பும்போது முனகல் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். அப்போது எடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

ஐந்திணை

குறிஞ்சி: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாம் கியரிலேயே ஏறுவேன் என்று அடம்பிடிப்பவருக்கு இன்ஜின் ‘கிளிங் கிளிங்’ எனத் தட்டிக் காட்டும். இது நாக்கிங். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன் சிலிண்டரின் மூலையில் மீந்த பெட்ரோல் கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. களவொழுக்கம் இத்திணைக்கு உரியதே. 1921இல் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் இதற்கு ஈயச் சேர்மத்தை மருந்தாகக் கண்டார். அது நஞ்சு என்பதால் இந்தியா 2000இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. இன்றைய மருந்து கியரைக் குறைப்பது. சமதளத்திலும் தட்டினால் பிளக்கையும் கார்பன் படிவையும் பார்க்க வேண்டும்.

முல்லை: பெரும்பொழுது கார்காலம். ஈரத்தில் பெல்ட் வழுக்கிக் ‘கீச்ச்’ என்று கத்தும். காய்ந்ததும் அடங்கினால் பொறுத்திருக்கலாம், இருத்தல்தானே உரிப்பொருள்? வெயிலிலும் கத்தினால், கையை எட்ட வைத்துப் பாட்டிலால் பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும். சத்தம் கூடினால் டென்ஷன் போதாது. சட்டென அடங்கி மீண்டும் வந்தால் புல்லி கோணலாக நிற்கிறது.

மருதம்: ஊடல். இன்ஜின் அலறும், வண்டி நகராது. ஆர்பிஎம் முள் ஏற, ஸ்பீடாமீட்டர் முள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தேய்ந்த கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. எவரைத் தூதனுப்பியும் பயனில்லை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றினால்தான் ஊடல் தீரும்.

நெய்தல்: உப்புக்காற்றில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகும். நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது; அத்தனையையும் ஊருக்குத் தெரியாமல் காத்தது அந்தத் தகரம்தான். சின்ன ஓட்டைக்கு வெல்டிங், பெரிய ஓட்டைக்குப் புது சைலன்சர். புகை உள்ளே நுழைந்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தே வரும். இரங்கலை உரிப்பொருள் அளவிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

பாலை: இதற்குத் தனி நிலமில்லை என்பர். ‘கிணுகிணு’வுக்கும் இல்லை, டேஷ்போர்டில் கேட்கும், குனிந்தால் பின்சீட்டுக்குப் போய்விடும். பெரும்பாலும் சைலன்சர் குழாய்மேல் இருக்கும் ஹீட் ஷீல்டுதான். துருவேறிய போல்ட்டைப் பிரிந்த தகடு, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் புலம்பும். குழாய் ஆறிய பின் தட்டிப் பார்த்தாலே அகப்படும். ஒரு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் பிரிவுத்துயர் முடிந்தது. ஐந்திணையில் மலிவானது இதுவே.

எஞ்சிய திணைகள்

ஓனருக்கு மட்டும் கேட்டு, மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் ஓய்ந்துவிடும் ஓசை கைக்கிளை. சீட்டுக்கு அடியில் உருளும் காலி பாட்டிலையும் இதில் அடக்குவர். இல்லாத சத்தத்தைக் காசு கொடுத்து, சைலன்சரை அறுத்து உண்டாக்குவது பெருந்திணை. வண்டிக்குச் சைலன்சர் கட்டாயம் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 120. இத்திணையினர் அதைப் படிப்பதில்லை.

நிலையாமை பாடுவது காஞ்சி. ஆயில் விளக்கு எரிய, அடிவயிற்றிலிருந்து ‘கட்கட்’ என்று கேட்டால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். பிக் எண்ட் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. வீடு வரை ஓட்டிவிடலாம் என்பவர் புது இன்ஜினுக்குக் காசு சேர்க்கலாம்.

முடிபு

மெக்கானிக்கிடம் மிமிக்ரி வேண்டாம். “மூணாவது கியர், 2500 ஆர்பிஎம், ஏத்தத்துல மட்டும் வருதுண்ணே” என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் அவர், “எல்லாத்தையும் மாத்திடலாம் சார்” என்றால், மாற்ற வேண்டியது ஒர்க்‌ஷாப்பைத்தான்.