வாங்க, இங்கே யாரும் இல்லை

ஊட்டி கெட்டுப்போய்விட்டது என்று சொல்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளை கெட்டுப்போனதைச் சொல்வது மாதிரியே சொல்வார்கள். கெடுத்தது யார் என்ற பேச்சே வராது. முப்பது வருஷமாக மே மாதம் தவறாமல் போய், ஏரியில் படகு விட்டு, வர்க்கி வாங்கி, ரோஜாத் தோட்டத்தில் படம் பிடித்து, தண்ணீர் பாட்டிலைப் பைன் காட்டில் வீசிவிட்டு வந்தவர்தான் உச்சுக்கொட்டுகிறார். கொடைக்கானலும் கெட்டுவிட்டதாம். 2024 மே மாதம் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. 'கூட்டமே இல்லாத இடமா ஒண்ணு சொல்லுங்கப்பா' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். யாரோ ஒரு மச்சான் பதில் போட்டார்: 'வால்பாறை. யாருக்குமே தெரியாது.'

2011 கணக்குப்படி எழுபதாயிரம் பேர் குடியிருக்கிற ஊர். நகராட்சி, தாலுகா ஆபீஸ், தன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி எல்லாம் உண்டு. யாருக்குமே தெரியாதாம்.

பொள்ளாச்சி தாண்டி ஆழியாறில் ஆரம்பித்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நம்மவர் வண்டியை ஓரங்கட்டுவார். அங்கே பாறைச் சரிவில் வரையாடு நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகத்தில் வேறெங்கும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் மிஞ்சியிருக்கிறது. ஆடு என்றதும் அவருக்கு வருகிற ஒரே நினைப்பைச் சொல்லிச் சிரித்துவிட்டு, குழந்தை கையிலிருந்த குர்குரேயைப் பிடுங்கி அதற்கு நீட்டுகிறார். ஆடு வாய் வைத்தால் வீடியோ. வைக்காவிட்டால் 'திமிரு பிடிச்ச ஆடு' என்று ஒரு தீர்ப்பு.

ஊருக்குள் நுழையுமுன் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்கு மரத்தை விட்டுத் தரையில் கால் வைக்க விரும்பாத சாதி. சோலையைத் துண்டு துண்டாக நறுக்கித் தேயிலை வைத்து, நடுவில் ரோடும் போட்டுவிட்டதால் அதற்கு வேறு வழியில்லை. ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் மாதிரி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ரோட்டோரத்தில் ஒரு பையன் நிற்கிறான்.

'அண்ணா, எதுவும் போடாதீங்கண்ணா. ருசி பழகிடுச்சுன்னா ரோட்டுக்கே வரும், அடிபட்டுச் செத்துரும்.'

'ஏன் தம்பி, உங்கப்பன் வீட்டுக் குரங்கா அது? வாயில்லா ஜீவன், பசிக்குதுல்ல? புண்ணியம்டா.'

நூறு கிலோமீட்டர் பெட்ரோல் எரித்துக்கொண்டு வந்து இறக்குகிற புண்ணியம். வாசலில் நிற்கிற பிச்சைக்காரருக்கு ஒரு ரூபாய் போட யோசிக்கிற கை, இங்கே மட்டும் கர்ணன் கையாகிவிடுகிறது.

யானை விஷயம் இன்னும் விசேஷம். இந்தப் பீடபூமியில் யானைக்கும் மனிதனுக்கும் நடுவே வேலி கிடையாது. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கித் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீட்டுக்கு நடந்து போகிறவர் தேயிலைச் செடிக்குப் பின்னால் நிற்கிற யானையை இருட்டில் பார்க்க முடியாமல் செத்துக்கொண்டிருந்தார். அதற்காக நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் வருஷக்கணக்காக உழைத்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று செல்போனுக்குத் தகவல் வரும், கேபிள் டிவியில் எழுத்து ஓடும், மேட்டில் நட்ட கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் வேறு பக்கம் போவார்கள், உயிர் பிழைப்பார்கள். நம்மவர் அந்த விளக்கைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? 'சூப்பர்ங்க, யானை எங்க நிக்குதுன்னு அரசாங்கமே லைட் போட்டுக் காட்டுது. வண்டிய திருப்பு.' 2025 பிப்ரவரியில் மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மன் நாட்டு முதியவர் ஒருவர், ரோட்டில் நின்ற யானையைக் கடந்து போகப் பார்த்து உயிரை விட்டார். அது வீடியோவாகப் பரவியது. பார்த்த பிறகு புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது கூட்டம்.

சரி, தேயிலைக்கு வருவோம். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு ஒரு ஜோடி வந்திருக்கிறது. பெண்ணுக்குப் பட்டுச் சேலை, தலையில் துண்டு, முதுகில் மூங்கில் கூடை. கூடை வாடகைக்கு எடுத்தது. இரண்டு வரிசை தள்ளி நிஜமாகவே கொழுந்து எடுக்கிற அக்கா நிற்கிறார். அவரிடம் கூடை கிடையாது, நைலான் பை. விரலால் நளினமாகக் கிள்ளுவதும் கிடையாது. ஆளும் நேரமும் கட்டுப்படியாகாமல் கத்திரி வந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கும். இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு சுற்றியிருக்கிறார், ஈரச்செடி வயிற்றில் உரசி உரசிப் புண்ணாகாமல் இருக்க. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வடிந்து, காய்ந்து, மறுபடி வடிந்த கோடுகள். எடை போடுகிற நேரம் நெருங்குகிறது.

போட்டோகிராபர் கத்துகிறார்: 'அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க, ஃபிரேம்ல வர்றீங்க.'

அக்கா நகர்ந்தார். அது அவர் பறித்து முடிக்க வேண்டிய வரிசை. நகர்ந்த கொஞ்ச நேரத்துக் கொழுந்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் நினைக்கவில்லை. அந்தப் படம் கல்யாண மண்டப வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸாக நிற்கப் போகிறது: பச்சை மலை, மூடுபனி, கூடை சுமந்த சிரிப்பு. தேயிலைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளி மட்டும்தான் இடைஞ்சல்.

நம்மவர் அன்றைக்குச் சாயங்காலம் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, 'என்ன அமைதிங்க!' என்றார். அந்த அமைதிக்குக் கணக்கு இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வால்பாறையில் இருந்தவர்கள் 95 ஆயிரம் பேரை ஒட்டி. 2011இல் 71 ஆயிரத்துக்கும் கீழே. தமிழ்நாட்டு ஊர்களெல்லாம் பத்து வருஷத்தில் வீங்குகிறபோது இந்த ஊரில் நாலில் ஒருவரைக் காணோம். தேயிலை விலை விழுந்தது, கூலி எழவில்லை, பிள்ளைகளைப் படிக்க வைக்க வழியில்லை. மூட்டையைக் கட்டித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூர் மில்லுக்கும் இறங்கிப்போனார்கள். நீங்கள் நெஞ்சு நிறைய இழுத்த அமைதி இருபத்து நாலாயிரம் பேர் போன சத்தம்தான். அவர்கள் விட்டுப்போன லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள். அதே ஓட்டை, அதே ஒழுகல். வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மடுவம் எல்லாம் தோட்ட நிர்வாகம் தர வேண்டும் என்று 1951லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு வயதாகிவிட்டது, கூரைக்கும்தான்.

ஒழுகாத கூரை வேண்டுமென்றால் துரை பங்களாவுக்குப் போக வேண்டும். ஹெரிடேஜ் என்று பெயர். ஒரு ராத்திரி வாடகையில் கொழுந்து எடுக்கிற அக்கா பல வாரம் குடும்பம் நடத்துவார். வெள்ளைக்காரன் காலத்து நாற்காலி, கணப்பு, சுவரில் தொப்பி போட்ட துரைமார் படம், தலைப்பாகை கட்டிய பட்லர். 'அந்தக் காலத்து வாழ்க்கையை வாழ்ந்து பாருங்கள்' என்பதுதான் விளம்பரத்தின் சாரம். யாருடைய வாழ்க்கையை? அந்தக் காலத்தில் இந்த மலைக்கு வந்த நம் ஆட்கள், கங்காணி நீட்டிய முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்துத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலையேறியவர்கள். மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பிழைத்தவர்களைக் கடன் இறங்கவிடவில்லை. இந்தத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் கண்டதையும் கேட்டதையும் வைத்து எழுதிய 'ரெட் டீ' 1969இல் வந்தது, இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். அதை வைத்து இயக்குநர் பாலா 'பரதேசி' எடுத்தார். படத்தைப் பார்த்து அழுதவர்கள்தான் பங்களாவில் ரூம் போடுகிறார்கள். அசல் அனுபவம் வேண்டுமென்றால் நான் ஒரு திட்டம் தருகிறேன்: விருந்தினரை லைன் வீட்டில் பத்துப் பேருக்கு ஓர் அறையாகப் போட்டு, விடியுமுன் கொம்பு ஊதி எழுப்பி, திரும்பிப்போகக் காசு கேட்டால் கணக்கு நோட்டைக் காட்டுங்கள். ஹெரிடேஜ் என்றால் முழுசாக இருக்கட்டும்.

வால்பாறை போகிற வழியில் கவர்க்கல்லில் கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட முன்னோடி, ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை. தந்தைக்குச் சிலை வைத்தாயிற்று. காய்ச்சலில் செத்துத் தேயிலைக்கு உரமான பிள்ளைகளுக்குக் கல் நட இடம் இல்லை, எல்லாம் தேயிலை.

2025 ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்தின் சின்னப் பெண்குழந்தையை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை கவ்விப் போனது. உடல்தான் கிடைத்தது. வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுவது, லைனுக்கு விளக்குப் போடுவது, கக்கூஸுக்கு இருட்டில் நடக்காமல் இருக்க வழி செய்வது, இதெல்லாம் சிறுத்தைக்குத் தெரியாத வேலை. செய்ய வேண்டியது யாரென்று எஸ்டேட்டுக்கும் தெரியும், ஆபீஸுக்கும் தெரியும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கூண்டு வருகிறது, ஓர் அதிகாரி வருகிறார், ஒரு காசோலை வருகிறது. விளக்கு வர நாளாகிறது. இதற்கு நடுவே பங்களா வரவேற்பறையில் நம்மவர் கேட்கிறார்: 'சிறுத்தை சைட்டிங் கேரண்டியாங்க?'

காட்டின் சொந்தக்காரர்கள் கதையையும் கேளுங்கள். கல்லார்குடி என்ற காடர் பழங்குடி ஊர் 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து போனது. இருபத்துச் சொச்சம் குடும்பங்கள். தாய்முடி எஸ்டேட்டில் ஆள் இல்லாத லைன் வீடுகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். அவர்கள் கேட்டது தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் குடிசை போட இடம். புலிகள் காப்பகமாயிற்றே, காடு கெட்டுவிடுமாம். போட்ட குடிசையிலிருந்து கிளப்பிவிட்டார்கள். 2021 காந்தி ஜெயந்தியன்று சத்தியாகிரகம் உட்கார்ந்த பிறகுதான் பட்டா வந்தது. 2006லேயே வன உரிமைச் சட்டம் வந்துவிட்டதை நம் ஆபீஸ்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இருவாச்சி எந்த மரத்தில், யானை எந்தத் தடத்தில் என்று தெரிந்த ஜனத்தால் காடு கெடும். கோயம்புத்தூரிலிருந்து வந்து ராத்திரி பதினோரு மணிக்குப் பாட்டுப் போட்டு ஆடுகிற ஐ.டி. கம்பெனிக் குழுவால் கெடாது, அவர்கள் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள்.

ஆட்டம் முடிந்த மறுநாள் கூழாங்கல் ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். கூழாங்கல்லோடு பச்சைக் கண்ணாடியும் சேர்ந்து மின்னும். யானை காலில் அது ஏறினால் சீழ் பிடித்து, வாரக்கணக்கில் நொண்டிச் சாகவும் கூடும். இதற்கும் ஒரு தீர்வு கண்டார்கள். 2022இல் நீலகிரியில் ஆரம்பித்த டாஸ்மாக் திட்டம்: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். விற்பதும் அரசு, பொறுக்குவதும் அரசு. ஆயிரக்கணக்கில் குடித்தவருக்குப் பத்து ரூபாய் எம்மாத்திரம்? 'ஆத்துக்கே வெச்சுக்க' என்று தாராளமாக வீசிவிட்டு வருகிறார். 2025 நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. எத்தனை வண்டி ஏறியது என்று இனி துல்லியமாகத் தெரியும். எத்தனை பேர் இந்த மலையை விட்டு இறங்கினார்கள் என்பதற்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் நோட்டு இல்லை.

நம்மவர் ஊர் திரும்பியதும் குழுவில் எழுதினார்: 'வால்பாறையும் கெட்டுப்போச்சு. வேற சொல்லுங்க.'

சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: மாஞ்சோலை. திருநெல்வேலிக்கு மேற்கே, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள். தேயிலை உண்டு, மழைக்காடு உண்டு, மேகம் காலடியில். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை. 1999 ஜூலை 23 அன்று அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலி உயர்வும் ஜெயிலில் இருந்தவர்களுக்கு விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள், ஒரு கைக்குழந்தையும் சேர்த்து. குத்தகை 2028இல்தான் முடிகிறது. ஆனால் 2024லேயே கம்பெனி விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டிவிட்டது. நாலு தலைமுறையாக இருந்தவர்களுடைய விருப்பத்தைக் கம்பெனியே முடிவு செய்துகொண்டது. தோட்டத்தை அரசே எடுத்து நடத்தட்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள், கிடைக்கவில்லை. காடு காடாகவே இருக்கட்டும் என்றது கோர்ட். நல்லதுதான். தொழிலாளி போனபிறகு மட்டும் எல்லோருக்கும் காட்டின் மேல் இப்படிப் பாசம் பொங்குகிறது.

வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கொஞ்சம் பொறுத்துப் போனால் இன்னும் நல்லது: போக இடமில்லாமல் அங்கே இன்னும் சில குடும்பங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, போட்டோவில் விழுவார்கள்.