இரண்டு கமிஷன் வாங்கிய தளபதி

பட்டாளத்தில் அதிகாரி ஆவதற்குப் பெயர் கமிஷன் பெறுவது. மற்ற கமிஷனைப் பற்றிக் குமராட்சிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நெல் மூட்டையோடு கொள்முதல் நிலைய வாசலில் நாள் கணக்காகக் காத்துக் கிடந்தவன் அவன். மூட்டை இறக்க ஒரு காசு, தராசில் ஏற்ற ஒரு காசு. எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். அடுத்த போகத்துக்கும் அங்கேதான் போக வேண்டும்.

ராபர்ட் கிளைவ் இரண்டு கமிஷனும் வாங்கியவர். முதலாவதை வாங்கியது நம் கடலூரில்.

1744இல் சென்னைக்கு வந்தபோது அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாதாரண எழுத்தர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். எழுத்தர் நம்மூர் ஆள்போல வேடம் போட்டுத் தப்பி, தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கோட்டையைக் கம்பெனி வாங்கிய விதமே ஒரு தனிக்கதை. 1690இல் மராட்டியரிடம் விலை பேசினார்கள். பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை எங்களுடையது என்பது ஒப்பந்தம். சுட்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற பெயர்களில் அந்தக் குண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பட்டா மாறுதலுக்கு மனு மேல் மனு போடும் நமக்கு இந்தச் சுருக்கு வழி தெரியாமல் போயிற்று.

1747இல் கிளைவ் அங்கே பட்டாளத்தில் சேர்ந்தார். அது முதல் கமிஷன்.

இரண்டாவதற்குக் கொள்ளிடத்துக்கு வர வேண்டும். குமராட்சிக்குத் தெற்கே ஓடும் இதே ஆறு கடலில் சேரும் இடத்தில் தேவிக்கோட்டை. தஞ்சாவூரில் பதவி இழந்த சாகுஜி கம்பெனியிடம் வந்து நின்றார். எனக்கு அரியணை வாங்கிக் கொடுங்கள், உங்களுக்குத் தேவிக்கோட்டை தருகிறேன் என்றார். 1749 ஏப்ரலில் படை கிளம்பியது. புயலில் கப்பல்கள் போயின. சாகுஜி பெயரைச் சொன்னால் நாடே திரண்டு வரும் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. மறுபடி மேஜர் லாரன்ஸ் தலைமையில் போனார்கள். கிளைவ் முன்னணியில் பாய்ந்தார். கூடப் போனவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள். கோட்டை விழுந்தது.

அப்புறம்தான் வியாபாரம். கோட்டை கைக்கு வந்ததும், யாரை எதிர்த்துப் போனார்களோ அந்தத் தஞ்சாவூர் அரசர் பிரதாப சிங்கிடமே பேசி முடித்தார்கள். தேவிக்கோட்டை கம்பெனிக்கு. போர்ச் செலவும் தஞ்சாவூர் தலையில். சாகுஜிக்கு? ஆண்டுக்கு 4,000 ரூபாய் உதவித்தொகை, அரியணைப் பக்கம் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. கூட்டணி மாறும் கலையைத் தேர்தல் காலத்தில் நாம் கண்டுபிடித்ததாக யாராவது பெருமை பேசினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சண்டை முடிந்ததும் கிளைவுக்கு ஒரு வேலை கிடைத்தது. வெள்ளைச் சிப்பாய்களுக்கு உணவுப் பொருள் வாங்கிப் போடும் வேலை. வாங்குவதில் கமிஷன் உண்டு. வீரத்துக்குப் பதக்கம் கொடுப்பார்கள் என்று படித்திருக்கிறோம். கம்பெனி மளிகைக் குத்தகையைக் கொடுத்தது. 1753இல் ஊர் திரும்பும்போது அவரிடம் சுமார் 40,000 பவுண்டு. வயது 27. ஆற்காட்டு முற்றுகையின் வீரம் பாடப் புத்தகத்தில் வந்தது. மளிகைக் கணக்கு வரவில்லை.

அந்தப் பணத்தில் 1754இல் தேர்தலில் நின்றார். ஜெயித்தார். செல்லாது என்றது நாடாளுமன்றம். கை காய்ந்தவர் 1756இல் கடலூருக்கே துணை ஆளுநராக வந்தார். அடுத்த ஆண்டு வங்காளத்தில் பிளாசி.

பிளாசியைப் போர் என்பது போருக்கு அவமானம். நவாபைக் கவிழ்க்கும் சதியில் கூட்டாளியான உமிசந்த் என்ற வணிகரை ஏமாற்ற இரண்டு ஒப்பந்தம் எழுதினார்கள். வெள்ளைத் தாளில் உண்மை. சிவப்புத் தாளில் அவருக்குப் பங்கு. அட்மிரல் வாட்சன் பொய்த் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் கையெழுத்தை வேறொருவர் போட்டார். வங்காள நவாப் வீழ்ந்தார். புது நவாப் மீர் ஜாபரிடம் தளபதி வாங்கியது 2,34,000 பவுண்டு. பிறகு ஒரு ஜாகீர், ஆண்டுக்கு 27,000 பவுண்டு. கம்பெனி நவாபுக்குக் கட்ட வேண்டிய நிலவாடகை இனி கிளைவுக்கு. முதலாளி குடித்தனக்காரன், வேலைக்காரன் வீட்டுக்காரன்! வில்லியம் பிட் இவரை வானம் அருளிய தளபதி என்று புகழ்ந்தார். நமக்கு வானம் அருளுவது மழை மட்டும்தான். அதுவும் அறுவடை நேரத்தில்.

1764இல் ஊழலை ஒழிக்க அவரையே திரும்ப அனுப்பினார்கள். சிரிக்காதீர்கள். 1765இல் சென்னையில் கால் வைத்ததும் மீர் ஜாபர் இறந்த செய்தி கிடைத்தது. வங்காளம் மொத்தமும் கைக்கு வரப்போகிறது என்று புரிந்தது. உடனே லண்டன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். கடன் வாங்கியாவது கம்பெனிப் பங்குகளை வாங்கிப் போடு. பிறகு வங்காளம் போய், ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று எழுதி வாங்கினார். கையெழுத்து காயுமுன் உப்பு, பாக்கு, புகையிலைக்கு மேலதிகாரிகளின் ஏகபோகச் சங்கம் பிறந்தது. அதில் ஆளுநருக்கு ஐந்து பங்கு. ஏழையின் உப்பில் ஐந்து பங்கு.

1770இல் வங்காளத்தில் பஞ்சம். மூன்றில் ஒருவர் செத்திருக்கலாம் என்று கம்பெனியின் வாரன் ஹேஸ்டிங்ஸே எழுதினார். வரி வசூல் பஞ்சத்துக்கு முந்தைய 1768ஐயும் தாண்டியது என்றும் அவரே எழுதினார். வசூல் செய்தவனுக்குக் கை நடுங்கவில்லை. படிக்கிற நமக்கு நடுங்குகிறது.

படை கடை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழங்கதை எதற்கு? காங்கேசன்துறையில், வீட்டை இழந்த மக்கள் திரும்ப முடியாத உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இலங்கை ராணுவம் தல்செவன என்று சொகுசு விடுதி நடத்தியது. சொந்தக்காரன் முகாமில். சுற்றுலாப் பயணி அவன் கடற்கரையில்.

கிளைவ் கதைக்குத் திரும்புவோம். வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்ல அவர் நாடாளுமன்றத்தில் நின்றார். அள்ளிக் கொட்டிக் கிடந்த செல்வத்தின் நடுவே தான் இவ்வளவு குறைவாக எடுத்ததை நினைத்தால் தனக்கே வியப்பு என்றார். 1773 மே மாதம் தீர்ப்பு வந்தது. 2,34,000 பவுண்டு வாங்கியது உண்மை. அதே சமயம் நாட்டுக்குப் பெரிய, மெச்சத்தக்க சேவை செய்தார். இரண்டும் ஒரே மூச்சில். நம் விசாரணைக் கமிஷன்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தன என்று இனி கேட்க வேண்டாம்.

1912இல் லண்டனில் அவருக்குச் சிலை வைத்தார்கள். வெளியுறவு அலுவலகத்தை ஒட்டி இன்றும் நிற்கிறது. பீடத்தில் மூன்று வெண்கலப் பலகைகள்: ஆற்காடு, பிளாசி, வங்காளத்தின் வரி வசூல் உரிமை வாங்கிய அலகாபாத். மளிகைக் கணக்குக்குப் பலகை இல்லை.