பங்குனியில் விற்கலாம், ஐப்பசியில் வாங்கலாம்

‘தாம்பரத்துக்கு மிக அருகில்’ என்று மனை விளம்பரம் வந்தால், மதுராந்தகத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொள்வது உத்தமம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் அதற்குப் ‘பத்தே நிமிடத்தில்’ வந்துவிட்டது. எந்த வாகனத்தில், எத்தனை மணிக்கு என்பது மட்டும் கம்பெனி ரகசியம்.

விற்பவர்கள் பங்குனி, சித்திரையில் வீட்டைக் காட்டவும். காம்பவுண்டு சுவரில் இடுப்பளவுக்கு ஓடும் பழுப்புக் கோட்டின்மேல் இரண்டு கோட்டிங் பெயின்ட் போதும். வாங்குபவர்கள் ஐப்பசியில் குடையோடு போகவும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாறு வந்து போனதைப் பற்றிப் புரோக்கரிடம் கேட்டால், “அது அடுத்த தெரு சார்” என்பார். அடுத்த தெருவுக்குப் போனாலும் அதையேதான் சொல்வார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள்; அவருக்குக் கமிஷன் கிடையாது.

முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா? சந்தோஷம். மனை ஒரு காலத்தில் ஏரியாக இருந்ததை அது வில்லங்கமாகக் கருதாது. அதற்குக் கிராம அ-பதிவேட்டில் சர்வே எண்ணைத் தேட வேண்டும். ‘மேய்க்கால்’, ‘ஏரி’ என்று ஏதாவது கண்ணில் பட்டால், அட்வான்ஸ் பணம் பையிலேயே இருக்கட்டும். “பட்டா வந்துடும் சார்” என்பார்கள். வரட்டும், அப்புறம் நாமும் வருவோம்.

ஃபிளாட் என்றால் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். நீச்சல்குளத்தைப் பற்றி விரிவாகப் பதில் வரும்.