இருபத்தைந்தாம் இடத்தின் சுகம்

நம் ஊரில் யாராவது போட்டிக்குப் போய்விட்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து விழும் கேள்வி "எத்தனாவது வந்தே?" என்பதுதான். "நல்லா ஆடினியா?" என்று பாட்டி மட்டும்தான் கேட்பார், அவரையும் யாராவது "நீ சும்மா இரும்மா" என்று அடக்கிவிடுவார்கள். இந்தக் கேள்வியை மணாலிக்காரரான சிவ கேசவனிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் இது: 1998 நாகானோவில் 28, 2002 சால்ட் லேக் சிட்டியில் 33, 2006 டூரினில் 25, 2010 வான்கூவரில் 29, 2014 சோச்சியில் 37, 2018 பியோங்சாங்கில் 34. மொத்தம் ஆறு குளிர்கால ஒலிம்பிக். இதே எண்களை ஒரு பையன் ராங்க் கார்டில் கொண்டுவந்தால் எந்த அப்பா கையெழுத்துப் போடுவார்? டியூஷனை மாற்றுவார். ஆனாலும், விளையாட்டில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய முழுத் திருப்திக்கும் இந்த மனிதருக்கு உரிமை உண்டு என்பது என் கட்சி. உழைப்பு தரும் நிறைவுக்கும் பட்டியலில் நிற்கும் இடத்துக்கும் உள்ள உறவு, ஒன்றுவிட்ட சித்தப்பா உறவு மாதிரி. இருக்கிறது, ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

அவர் ஆடிய ஆட்டத்தின் பெயர் லூஜ். சின்னஞ்சிறு சறுக்குவண்டி ஒன்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கால் முன்னே போக, தலை பின்னே வர, உறைந்த பனிக்கட்டி வாய்க்காலில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். பிரேக் கிடையாது. ஸ்டியரிங்கும் கிடையாது; கெண்டைக்காலால் அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் வளைவுகளைச் சமாளிக்க வேண்டும். நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். இதற்கான பனிப்பாதை இந்தியாவில் ஒன்றுகூட இல்லாததால், கேசவன் வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டிக்கொண்டு இமயமலைத் தார்ச்சாலையில் பழகினார். லாரிகளுக்குப் பக்கத்திலும் ஆட்டுமந்தைகளுக்கு நடுவிலும் அவர் படுத்தபடி பாய்ந்துபோகும் வீடியோவை உலகமே பார்த்தது. எனக்கென்னவோ அந்த லாரி ஓட்டுநர்கள்மேல்தான் இரக்கம். எதிரே ஒரு மனிதர் படுத்துக்கொண்டே ஓவர்டேக் செய்தால் ஹாரன் அடிப்பதா, கையெடுத்துக் கும்பிடுவதா?

சோச்சிக்கு வருவோம். பயிற்சி ஓட்டத்தில் ஒரு வளைவில் அவர் வண்டியிலிருந்து உருண்டு விழுந்தார். விழுந்தவர் வண்டியை விடவில்லை. அதைப் பிடித்தபடியே பனியில் இழுபட்டுப்போய், அந்த வேகத்திலேயே மறுபடி மேலே ஏறிப் படுத்து, ஓட்டத்தை முடித்தார். இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது இடைநீக்கத்தில் இருந்ததால் தேசியக் கொடிகூட இல்லாமல் ஒலிம்பிக் கொடியின்கீழ்தான் போட்டியிட்டார். பிப்ரவரி 9ஆம் தேதி அவர் போட்டி முடிந்தது. 11ஆம் தேதி தடை நீங்கியது. ஃபைல் நகரும் வேகம் அறிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. பட்டியல் அவரை 37ஆவது என்கிறது. விழுந்த வண்டியில் திரும்ப ஏறியதற்குப் பட்டியலில் பத்தியே கிடையாது. அந்தக் கை எங்கே பிடிக்க வேண்டும் என்பதைப் பதினெட்டு வருஷப் பழக்கம் அல்லவா சொல்லிக்கொடுத்தது?

"சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் கதைதானே இது? ஜெயிக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்று ஒரு குரல் கேட்கிறது. சரி, ஜெயித்தவர்களையே கேட்போம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் பார்த்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள், வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள் என்று 1995இல் எழுதினார்கள். வெள்ளிக்காரர் தங்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். வெண்கலக்காரர் நான்காம் இடத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொள்கிறார். இடம்தான் திருப்தி தரும் என்றால் இரண்டைவிட மூன்று எப்படி இனிக்கும்? தங்கமும் முழு உத்தரவாதம் இல்லை. 23 ஒலிம்பிக் தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் தம்மை மனச்சோர்வு பிடித்துக்கொண்டதைப் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மேடை இரண்டு நிமிஷத்தில் காலியாகிவிடுகிறது. மறுநாள் காலை நீச்சல்குளத்துக்குப் போக ஒரு காரணம் வேண்டும். அதைப் பதக்கம் தருவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: உழைப்பே போதும் என்றால் போட்டி எதற்கு, மொட்டைமாடியிலேயே உழைக்கலாமே? உழைக்கலாம்தான். ஆனால் மொட்டைமாடியில் எல்லோரும் சாம்பியன். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் கண்ணாடிமுன் நின்று எடுக்கும் படங்கள் அந்த வகை. வியர்வை உண்டு, அளவுகோல் இல்லை. தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் கடிகாரமும் எதிராளியும் வேண்டும். சென்னைப் பெண் பவானி தேவி பள்ளியில் வாள்வீச்சைத் தேர்ந்தெடுத்ததற்கே, மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதுதான் காரணம். வாள் விலைக்குக் கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில் பழகினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றை 15-3 என்று வென்றார். அடுத்ததில் பிரான்ஸின் மனோன் புரூனேவிடம் 7-15 என்று தோற்றார். உடனே நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஒலிம்பிக் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர், வாள் என்றால் ஆயுதபூஜைக்குப் பொட்டு வைப்பது என்று மட்டும் அறிந்த நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அந்த 7-15ஐ அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2023 ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் அப்போதைய உலக சாம்பியன் மிசாகி எமுராவைக் கால் இறுதியில் வீழ்த்தி வெண்கலம் வாங்கினார். தோல்வி அவருக்குக் கணக்குச் சொன்னது. பாக்கியை அவர் உழைத்துத் தீர்த்தார். கேசவனும் 2011இல் ஆசியக் கோப்பைத் தங்கத்தை இப்படித்தான் தொட்டார். சாலையில் ஆடுகளை முந்தியது போதும் என்று நின்றிருந்தால் அது நடந்திருக்காது.

"அப்போது பதக்கமே வேண்டாமா?" என்று கோபிக்காதீர்கள். கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். விருதையும் அப்படியே. கேசவன் 2018இல் ஓய்வுபெற்றார், அர்ஜுனா விருது 2020இல் வந்தது, வாங்கிக்கொண்டார். தங்கம் தங்கம் என்று உயிரை விடுகிற நம்மவர்கள் ஒரு விவரத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒலிம்பிக் தங்கப் பதக்கம் உள்ளுக்குள் வெள்ளிதான். மேலே பூசுவது ஆறு கிராம் அளவுக்குத்தான். நம் கணக்கில் முக்கால் பவுன். செய்கூலியும் சேதாரமும்தான் இருபது வருஷம்.