துலா மேல நடந்தவன் கணக்கு

வாடா பேராண்டி, உக்காரு. சராசரி அறுபது மார்க்குன்னு வியாக்ரபுரீசுவரர் கோயில் வாசல் வரைக்கும் சொல்லிக்கினு வந்தியாமே. சந்தோசம்.

புள்ளியியல் புத்தகத்துல விலக்கப் பெருக்குத்தொகைன்னு போட்டிருக்கே, பேரைப் பார்த்ததும் தலை சுத்துதா? அது நம்ம ஏத்தம்தாண்டா. துலாவுல அச்சுக்கிட்ட நிக்கிறவனால சால் அசையாது. அதே ஆளு பின்னால நுனிக்கு நடந்தா கிணத்துலேர்ந்து எழும்பி வரும். எடை மட்டுமில்ல, எவ்ளோ தூரத்துல நிக்கிறான்றதும் கணக்கு. 1890கள்ல கார்ல் பியர்சன்னு ஒரு வெள்ளைக்காரன் இதைத்தான் புள்ளிவிவரத்துக்குத் தூக்கிக்கினு போனான். ஏத்தப்பாட்டை மட்டும் விட்டுட்டான், பாவம்.

சராசரின்றது துலா சாயாம நிக்கிற இடம், அவ்ளோதான். ரெண்டு கழனி வெச்சுக்கோ. ஒண்ணுல மூணு வருசத்துக்கு 20, 20, 35 மூட்டை. இன்னொண்ணுல 30, 30, 15. ரெண்டுக்கும் சராசரி 25. விலகினதைச் சும்மா கூட்டினா சுழிதான் வரும், ஏத்தமும் இறக்கமும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். அதனால வர்க்கம் பண்ணு: 25, 25, 100. சராசரி 50. அதுவும் ரெண்டுக்கும் ஒண்ணேதான்! பொண்ணு பார்க்க வர்ற மாப்பிள்ளை வீட்டார், ரெண்டு கழனியும் ஒண்ணுதான்னு இதோட எழுந்து போயிடுவாங்க. நீ கனம் எடுத்துப் பாரு. முதல் கழனிக்கு மைனஸ் 125, மைனஸ் 125, அப்புறம் 1000; சராசரி 250. அடுத்ததுக்கு மைனஸ் 250. ஒண்ணு என்னைக்கோ ஒருநாள் கொட்டிக் குடுக்கும், இன்னொண்ணு என்னைக்கோ ஒருநாள் குடியைக் கெடுக்கும். உங்க வாத்தியார் கோட்டம்னு சொல்றது இந்தச் சாய்வைத்தான். எந்தக் கழனிக்காரன் வீட்டுல பொண்ணு எடுப்பே, சொல்லு?

நாலாம் அடுக்கு ஏரிக்காரன் கணக்கு. ஓரடி தள்ளி நிக்கிறவனுக்கு 1, பத்தடி தள்ளி நிக்கிறவனுக்கு 10,000. இதை வெச்சுப் போடுறதுக்குத் தட்டையளவைன்னு பேரு. பேருதான் தட்டை, பார்க்கிறது வாலை. 2015 நவம்பர்ல மெட்ராசுல வழக்கமா பேயற 400 மில்லிமீட்டர் 1,000த்தைத் தாண்டிச்சே, அந்த வால். ஏரிக் கலங்கலைச் சராசரி மழைக்கா கட்டினான்? சோழராசா பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும், பக்கத்துல உத்திரமேரூர் கல்லுல வெட்டி வெச்சிருக்கான்: குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். சராசரி வாரியம்னு ஒண்ணு நான் பார்க்கலை.

சரி, உன் அறுபதுக்கு வா. எத்தனை பாடம், எதுல எவ்ளோ? மெதுவா சொல்லு, உங்க அம்மா அடுப்படியிலதான் கீறா.