சட்டை செய்த குற்றம்

1950 ஜூலை 16 அன்று காலையிலேயே பிரேசில் உலகக் கோப்பையை வென்றுவிட்டது. ஆட்டம் ஒன்றுதான் பாக்கி.

ரியோ டி ஜெனிரோவின் ‘ஓ முண்டோ’ பத்திரிகை, பிரேசில் வீரர்களின் படத்தைப் பெரிதாகப் போட்டு, உலக சாம்பியன்கள் இவர்களே என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டது. வெற்றிப் பாட்டுக்கு மெட்டுப் போட்டாயிற்று. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே பாராட்டுரையைப் போர்ச்சுகீசிய மொழியிலேயே எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். மரக்கானா மைதானத்தில் பந்து உருளும் முன் மேயர் மைக்கைப் பிடித்தார். இன்னும் சில மணி நேரத்தில் சாம்பியன் ஆகப்போகிறவர்களே என்று தன் வீரர்களை விளித்து, வெற்றிக்கு வாழ்த்தும் சொல்லி முடித்தார். பெண் பார்க்கப் போகும் முன்பே சீமந்தத்துக்கு நாள் குறித்த கதைதான்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் இறுதிப் போட்டி என்றே தனியாக ஒன்று கிடையாது. கடைசிச் சுற்றில் நான்கு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடனும் மோத வேண்டும். பிரேசில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் துவைத்துக் காயப்போட்டிருந்தது. உருகுவேயோ அதே ஸ்பெயினிடம் 2-2 என்று தப்பித்து, ஸ்வீடனை 3-2 என்று மூச்சு வாங்கி ஜெயித்திருந்தது. கடைசி ஆட்டத்தில் பிரேசில் டிரா செய்தாலே கோப்பை. ஒரு ரசிகனுக்கு இதைவிட ஆபத்தான நிலைமை வேறில்லை.

உருகுவே தரப்பிலும் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. நாலு கோலுக்கு மேல் வாங்காமல் வந்தாலே மானம் தப்பியது என்று அவர்களுடைய அதிகாரிகளே சொன்னார்களாம். கேப்டன் ஒப்துலியோ வரேலாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவர் ‘ஓ முண்டோ’ பத்திரிகையின் கையில் கிடைத்த பிரதிகளையெல்லாம் வாங்கி, ஹோட்டல் குளியலறைத் தரையில் விரித்து, ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வரச்சொல்லி அதன்மேல் சிறுநீர் கழிக்க வைத்தார் என்பது பிரசித்தமான கதை. ஒரு தலைப்புச் செய்திக்கு வாசகர்கள் இவ்வளவு நேரடியாக எதிர்வினை ஆற்றியது பத்திரிகை உலகில் அபூர்வம்.

கணக்கில் வந்த டிக்கெட் 1,73,850. சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் 2 லட்சத்தைத் தொடும் என்கிறார்கள். முதல் பாதியில் கோலே இல்லை. பரவாயில்லை, டிரா போதுமே! 47ஆவது நிமிஷத்தில் பிரேசிலின் ஃபிரியாசா கோல் போட்டார். மைதானம் இடிந்து விழாதது கொத்தனார்களின் புண்ணியம்.

இங்கேதான் வரேலா ஒரு காரியம் செய்தார். வலையில் கிடந்த பந்தை எடுத்தார், கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், ஓடவில்லை, நடந்தார். லைன்ஸ்மேனிடம் ஆஃப்சைட் என்று சண்டை போட்டார். ரெஃப்ரி ஜார்ஜ் ரீடரிடம் போய் வாதாடினார். ரீடர் இங்கிலாந்துக்காரர், ஸ்பானிஷ் புரியவில்லை. அப்படியானால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்றார் வரேலா. கோல் கோல்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் 2 லட்சம் பேர் எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்? தொண்டை வற்றி, கூச்சல் அடங்கியபிறகுதான் பந்தை நடு மைதானத்தில் வைத்தார்.

66ஆவது நிமிஷம், உருகுவேயின் கிஜியா வலது ஓரத்தில் ஓடிவந்து பந்தை நடுவில் தள்ள, ஸ்கியாஃபினோ கோல் போட்டார். 1-1. இப்போதும் கோப்பை பிரேசிலுக்குத்தான். ரிமே இருக்கையை விட்டு எழுந்து, பரிசளிப்புக்காக உள்வழியே கீழே இறங்க ஆரம்பித்தார். அவர் படியிறங்கி வருவதற்குள், 79ஆவது நிமிஷத்தில், அதே கிஜியா அதே ஓரத்தில் மறுபடி ஓடிவந்தார். கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா, முன்போலவே நடுவில் தள்ளுவார் என்று கணக்குப் போட்டு ஓரடி நகர்ந்தார். கிஜியா கோல்போஸ்டுக்கும் பார்போசாவுக்கும் இடையிலிருந்த சந்தில் அடித்தார். பார்போசா பாய்ந்தார், பந்து விரலில் பட்டது, கார்னருக்குத் தள்ளிவிட்டதாகவே நினைத்தார். மைதானம் சத்தமில்லாமல் போனதை வைத்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

ரிமே வெளியே வந்தபோது அணிவகுப்பும் இல்லை, தேசிய கீதமும் இல்லை. கூட்ட நெரிசலில் வரேலாவைத் தேடிப்பிடித்து, கோப்பையைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். போர்ச்சுகீசிய உரை பையிலேயே தங்கிவிட்டது.

அன்றிரவு நாடே அழுதது. ஒரு முன்னாள் ஆட்டக்காரர் ரேடியோ பக்கத்தில் தேம்பியதைப் பார்த்து அவருடைய ஒன்பது வயது மகன், அழாதீங்கப்பா, நான் உங்களுக்கு உலகக் கோப்பை ஜெயித்துத் தருகிறேன் என்றானாம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சொல்லும் வாக்குதான். இந்தப் பையன் பெலே என்பதால் காப்பாற்ற முடிந்தது. வரேலாவோ வெற்றி விருந்தை விட்டுவிட்டு ரியோவின் மதுக்கடைகளில் சுற்றினார். பிரேசில் ரசிகர்கள் அவர் தோளிலேயே சாய்ந்து அழுதார்கள். இவ்வளவு நல்ல ஜனங்களை அழவைத்துவிட்டோமே என்று அவருக்கே சங்கடமாகிவிட்டதாம்.

அழுது முடித்த ரசிகனின் அடுத்த வேலை, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது. எதிரணி நன்றாக ஆடியது என்று தீர்ப்பு எழுதும் வழக்கம் ரசிகர் நீதிமன்றத்தில் இல்லை. கோல்கீப்பர் பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜுவெனால் என்று மூன்று பேர் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். மூவரும் கறுப்பர்கள், அது தற்செயல் என்று இன்று யாரும் சொல்வதில்லை. கறுப்பர்களைக் கோல்கீப்பராக நிறுத்தலாமா என்ற முணுமுணுப்பு வெகுகாலம் ஓயவில்லை. இருபது வருஷம் கழித்துக் கடையில் ஒரு பெண்மணி, இதோ பார், பிரேசிலையே அழவைத்த ஆள் என்று தன் பிள்ளைக்குப் பார்போசாவைக் காட்டினாராம். பிரேசில் சட்டப்படி அதிகபட்ச தண்டனை 30 வருஷம், நானோ 50 வருஷமாக அனுபவிக்கிறேன் என்று நொந்துகொண்ட பார்போசா, 2000இல் காலமானார். வெற்றிக்கு முன்பே வாழ்த்துச் சொன்ன மேயர்மீதும் அச்சடித்த பத்திரிகைமீதும் இப்படியொரு வழக்கு நடக்கவில்லை.

மனிதர்கள் மூவரோடு நிறுத்தினார்களா? இல்லை. நான்காவது குற்றவாளி, சட்டை. அன்று பிரேசில் ஆடியது நீலக் காலர் வைத்த வெள்ளைச் சட்டையில். அதில் தேசபக்தி போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். சிரிக்க வேண்டாம். அதே உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது, நாம் போகவில்லை. பழியைப் பூட்ஸ்மேல் போட்டோம். வெறுங்காலோடு ஆட விடாததால்தான் போகவில்லை என்ற கதையை கேப்டன் சைலேன் மன்னாவே பின்னாளில் மறுத்தும், அது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

1953இல் ‘கொரேயு டா மான்யா’ பத்திரிகை புதுச் சட்டைக்குப் போட்டி அறிவித்தது. கொடியிலுள்ள பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் கட்டாயம் வரவேண்டும் என்பது நிபந்தனை. ஜெயித்தவர் அல்திர் ஷ்லே, வயது 19. மஞ்சள் சட்டை, பச்சைக் காலர், நீல நிக்கர், வெள்ளைக் காலுறை. உலகத்துக்கே தெரிந்த அந்த உடுப்பு பிறந்தது அப்படித்தான்.

ஷ்லேயின் ஊர் ஜாகுவராவ். பிரேசிலின் தென்கோடி எல்லை. நடுவில் ஒரு ஆறு, அதன்மேல் ஒரு பாலம், பாலத்தைத் தாண்டினால் உருகுவே. தம்பி கால்பந்தில் சின்ன வயதிலிருந்தே அக்கரைக் கட்சி. உருகுவேயிடம் தோற்ற அவமானத்தைத் துடைக்கத் தைத்த சட்டையை, ஓர் உருகுவே ரசிகரே வரைந்து கொடுத்தார்.

1958இல் பெலே வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனும் மஞ்சள் என்பதால், பிரேசில் அவசரமாக நீலச் சட்டை வாங்கி, முத்திரையை மாற்றித் தைத்துக்கொண்டு 5-2 என்று ஜெயித்தது. 2014இல் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 1-7 என்று உதை வாங்கியபோது உடம்பில் இருந்தது மஞ்சள்தான். அன்று சட்டையை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. பார்போசாவை மன்னித்துவிடலாம் என்று மட்டும் பலர் சொன்னார்கள். அவர் போய்ச் சேர்ந்து 14 வருஷம் ஆகியிருந்தது.

ஷ்லே 2018 நவம்பர் 15 அன்று காலமானார். மறுநாள் லண்டனில் பிரேசிலுக்கு ஒரு நட்பு ஆட்டம், எதிரணி உருகுவே. பிரேசில் 1-0 என்று ஜெயித்தது. ஒருநாள் முந்திக்கொண்டதால் பெரியவருக்கு அந்த வருத்தம் மிச்சம்.